நரம்பு நசுங்கினால் வலி ஏன் தீராமல் நீள்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடுப்பில், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் விலகி, காலுக்குப் போகும் நரம்பு நசுங்கி, மாதக்கணக்கில் வலியோடு இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கிற கேள்விகள் இவை. பெரும்பாலும் இடுப்பைப் பற்றியவை. கழுத்துக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

கோளாறு இடுப்பில் என்கிறார்கள். எனக்கு வலிப்பது காலாயிற்றே?

தண்டுவடத்திலிருந்து இடமும் வலமுமாக 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றும் உடம்பில் ஒரு குறிப்பிட்ட பகுதியைப் பார்த்துக்கொள்கிறது. நரம்பு தண்டுவடத்திலிருந்து கிளம்பும் தொடக்கப் பகுதியை நரம்பு வேர் என்பார்கள். இடுப்பில் ஐந்தாவதான எல்5 வேருக்கு முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமும், பாதத்தின் மேற்புறமும், பெருவிரலும். அதற்கு அடுத்த எஸ்1 வேருக்குக் கெண்டைக்காலின் பின்புறம், குதிகால், சுண்டுவிரல் பக்கம். வேர் கிளம்பும் இடத்திலேயே தொந்தரவு வந்தாலும், மூளை அதை அந்த நரம்பு போய்ச் சேரும் இடத்து வலியாகவே எடுத்துக்கொள்ளும்.

எங்கே வலிக்கிறது என்று கேட்டால், வெறும் இடுப்புப் பிடிப்புக்காரர் உள்ளங்கையை அகலமாக இடுப்பில் வைத்துக் காட்டுவார். நரம்பு நசுங்கியவர் பெரும்பாலும் ஒற்றை விரலால் காட்டுவார்: பிட்டத்தில் தொடங்கி, பேண்ட்டின் பக்கத் தையல் வழியாக இறங்கி, கணுக்காலைத் தாண்டி, கட்டைவிரல் வரை ஒரு கோடு. சயாட்டிகா என்று சொல்வது இதைத்தான். இடுப்பை விடக் கால் அதிகமாக வலிப்பது அதன் முக்கியமான அடையாளம்.

டிஸ்க் விலகுவது என்றால் என்ன?

விலகுவது, நழுவுவது என்றெல்லாம் சொல்கிறோமே தவிர, டிஸ்க் எங்கும் நகர்ந்து போவதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்போடு அது கெட்டியாக ஒட்டியிருக்கிறது. பூரணக் கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கெட்டியான மாவு, உள்ளே மெத்தென்ற பூரணம். மாவில் விரிசல் விட்டால் பூரணம் பிதுங்குகிறது. டிஸ்க்கில் பின்பக்கமாக, ஓரத்தில்தான் அந்த உறை பலவீனம். நடுவில் ஒரு தசைநார் காவலுக்கு நிற்கிறது, ஓரத்தில் அவ்வளவு இல்லை. நரம்பு வேர் போவதும் அந்த ஓரமாகத்தான். இடுப்பு டிஸ்க் பிதுங்கல்களில் 10-க்கு 9-க்கு மேல் கடைசி இரண்டு டிஸ்க்குகளில் வருபவை. எல்5, எஸ்1 என்ற பெயர்கள் திரும்பத் திரும்பக் காதில் விழுவது இதனால்தான்.

டிஸ்க் மட்டுமே காரணம் என்றும் இல்லை. வயதாக ஆகத் தசைநார் தடிக்கும், எலும்பு மூட்டு பெருக்கும், சிலருக்கு ஒரு எலும்பு அடுத்ததன் மேல் முன்னோக்கிச் சறுக்கும். எல்லாமே நரம்பு போகிற வழியைக் குறுக்குபவை.

இன்னொன்று. “தட்டி உள்ளே தள்ளிவிட்டேன்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிதுங்கியதை வெளியிலிருந்து கையால் உள்ளே தள்ள முடியாது.

நசுங்கினாலே வலி வரும், அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. இந்த விஷயத்தில் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இந்த இடத்தைத்தான்.

சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் என்ன ஆகிறது? மரத்துப் போகிறது. எழுந்து உதறினால் குறுகுறுவென்று இருந்து சரியாகிவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள நரம்பை அழுத்தினால் பெரும்பாலும் நடப்பது இதுதான். மாதக்கணக்கில் எரியும் வலி அப்படி வருவதில்லை.

1934-இல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள், பிதுங்கிய டிஸ்க்தான் நரம்பை அழுத்திச் சயாட்டிகாவை உண்டாக்குகிறது என்று எழுதினார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் எல்லாரும் அழுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு வேறு கதை சொன்னது. நோயாளிகளை மயக்காமல், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு முதுகில் அறுவை செய்தார்கள். உள்ளே ஒவ்வொரு திசுவாகத் தொட்டு, “எங்கே வலிக்கிறது?” என்று கேட்டார்கள். சாதாரண நரம்பு வேரைத் தொட்டபோது கால் வலி வரவில்லை. ஏற்கெனவே அழுத்தப்பட்டு வீங்கியிருந்த வேரைத் தொட்டபோதுதான் அந்தப் பழைய வலி அப்படியே காலில் இறங்கியது.

1993-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பன்றியின் நரம்பு வேர் மீது டிஸ்க்கின் உள்பொருளை வெறுமனே வைத்துப் பார்த்தார்கள். அழுத்தமே கொடுக்கவில்லை. ஆனாலும் சில நாட்களில் அந்த நரம்பின் கடத்தும் திறன் குறைந்துபோனது. டிஸ்க்கின் உள்ளே இருப்பதற்கு இரத்த ஓட்டத்தோடு பழக்கம் கிடையாது. அது வெளியே வந்ததும் உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து எதிர்க்கிறது, அழற்சி உண்டாகிறது, டிஎன்எஃப் ஆல்ஃபா மாதிரியான வேதிப்பொருட்கள் ஊறி நரம்பைத் தூண்டுகின்றன. அழுத்தமும் தன் பங்குக்கு வேலை செய்கிறது: மிகக் குறைந்த அழுத்தத்திலேயே நரம்பின் நுண்ணிய சிரைகள் அடைபட்டு இரத்தம் தேங்குகிறது, நரம்பு வீங்குகிறது, வீங்கியதால் இன்னும் இறுகுகிறது. ஆக, நசுக்கலும் அழற்சியும் சேர்ந்தால்தான் பெரிய வலி.

இதற்கு விதிவிலக்காக ஓர் இடம் உண்டு. நரம்பு வேரின் வெளிமுனையில், எலும்புத் துவாரத்துக்குள், உணர்வு நரம்புச் செல்கள் கூடியிருக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. முதுகு வேர் முடிச்சு என்பார்கள். அதை அழுத்தினால் மட்டும், முன்பே அழற்சி இல்லாவிட்டாலும், அது நிமிடக்கணக்கில் தானே சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும்.

புதிய வலி எப்படி நாட்பட்ட வலியாக மாறுகிறது?

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவத்தில் சொல்கிறார்கள். 89-ஆம் நாளில் ஒன்றும் 91-ஆம் நாளில் வேறொன்றும் நடப்பதில்லை. கணக்குக்காக வைத்த எல்லை. உள்ளே மாற்றம் படிப்படியாகத்தான் நடக்கிறது.

முதலில் நரம்பே மாறுகிறது. அடிபட்ட இடத்தில் நரம்பின் உறை சிதைகிறது, சமிக்ஞையைக் கிளப்பும் சோடியம் வாயில்கள் அங்கே தேவைக்கு மேல் குவிகின்றன. சாதாரணமாகத் தோலிலோ தசையிலோ தூண்டுதல் வந்தால்தான் நரம்பு சமிக்ஞை அனுப்பும். இப்போது நடுவழியிலேயே, யாரும் தொடாமலே, தானாக அனுப்பத் தொடங்குகிறது. சும்மா படுத்திருக்கும்போதும் சுரீர் என்று ஷாக் அடிப்பது இதனால்தான்.

அப்புறம் தண்டுவடம் மாறுகிறது. ஓயாமல் சமிக்ஞை வந்துகொண்டிருந்தால், அதை வாங்கி மேலே அனுப்பும் செல்கள் கூர்மையாகிவிடுகின்றன. சின்னத் தூண்டுதலையும் பெரிதாக்கி அனுப்புகின்றன. வலியை மட்டுப்படுத்த வேண்டிய செல்கள் மந்தமாகின்றன. நரம்புகளைச் சுற்றியிருக்கும் மைக்ரோகிளியா என்ற காவல் செல்களும் கிளர்ந்து வேதிப்பொருட்களைச் சுரக்கின்றன. கிளிஃபோர்ட் உல்ஃப் 1983-இல் விலங்குகளில் இதைக் காட்டினார்: காயத்துக்குப் பிறகு உணர்திறன் கூடுவது காயம்பட்ட இடத்தில் மட்டுமல்ல, தண்டுவடத்துக்குள்ளும்தான். போர்வை உரசினாலே காலில் எரிகிறது என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் நம்பமாட்டார்கள், நடிக்கிறார் என்பார்கள். அது நடிப்பு இல்லை. தொடுதலுக்கான சமிக்ஞை தண்டுவடத்தில் வலியின் கணக்கில் சேர்ந்துவிட்டது.

மூன்றாவதாக மூளை. தூக்கமின்மை, பயம், மனச்சோர்வு மூன்றும் வலியை அடக்கும் இயற்கையான ஏற்பாட்டைத் தளர்த்துகின்றன. குனிந்தால் போச்சு என்று பயந்து குனியாமலே இருப்பவருக்கு முதுகுத் தசைகள் இளைத்து, நாளடைவில் குனிவதே வலியாகிவிடும்.

எனவே முதல் மாதத்து வலியும் இரண்டாம் வருடத்து வலியும் ஒரே காலில், ஒரே இடத்தில் இருந்தாலும் ஒன்றல்ல. முதல் மாதத்தில் பிரச்சினை டிஸ்க் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் வருடத்தில் அதில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்துக்குள் குடியேறியிருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்காமல் இரண்டுக்கும் ஒரே சீட்டை எழுதுவதுதான் பல வீடுகளில் பணமும் நாட்களும் கரைவதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

அழுத்தத்தை எடுத்த பிறகும் வலி இருக்குமா?

இருக்கலாம். டிஸ்க்கை எடுத்தாயிற்று, ஸ்கேனில் நரம்பு தாராளமாகத் தெரிகிறது, ஆனாலும் எரிச்சல் போகவில்லை என்கிறவர்கள் உண்டு. நரம்பு பழுதாகியிருப்பது, தண்டுவடம் கூர்மையாகியிருப்பது, சில சமயம் வடுத்திசு, அல்லது வேறோர் இடத்தில் அழுத்தம் என்று காரணங்கள் பல. உடனே இரண்டாவது ஆபரேஷனுக்குப் போவதற்கு முன் இவற்றில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் மூன்று இடத்தில் பல்ஜ் என்று இருக்கிறது. பயமாக இருக்கிறது.

பல்ஜ் என்றால் டிஸ்க் லேசாகப் புடைத்திருப்பது. ரிப்போர்ட்டைத் தனியாக வைத்துப் பயப்படாதீர்கள். 1994-இல் முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பாதிக்கு மேல், அதாவது 52 சதவீதம் பேருக்கு, குறைந்தது ஓர் இடத்திலாவது பல்ஜ் இருந்தது. 2015-இல் வலியில்லாத 3,110 பேரின் விவரங்களைத் தொகுத்த ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் பல்ஜ் இருந்தது. தேய்மானம் என்ற சொல்லும் அப்படித்தான். தலை நரைப்பதற்கு யாரும் ரிப்போர்ட் எழுதுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்கேனில் தெரியும் இடமும் உங்கள் கால் சொல்லும் இடமும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. படத்தில் இடது எல்5 நசுங்கியிருக்கிறது, வலிப்பது வலது தொடையின் முன்புறம் என்றால், அந்தப் படம் இந்த வலிக்குக் காரணம் சொல்லவில்லை. ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் முதல் சில வாரங்களில் ஸ்கேனே தேவைப்படாது.

டாக்டர் காலைத் தூக்கிப் பார்ப்பது, குதிகாலில் நடக்கச் சொல்வதெல்லாம் எதற்கு?

அந்த ஐந்து நிமிடத்தில் ஸ்கேன் சொல்லாததும் தெரியவரும். மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கும்போது, எல்5, எஸ்1 வேர்கள் இழுபடுகின்றன. 30 முதல் 70 டிகிரிக்குள் முழங்காலுக்குக் கீழே வலி இறங்கினால் வேரில் எரிச்சல் இருக்கிறது என்று பொருள். தொடையின் பின்புறம் மட்டும் இழுத்தால் அது வெறும் தசையாக இருக்கலாம்.

குதிகாலில் நடக்க முடியவில்லை, பெருவிரலை மேலே தூக்கித் தாங்க முடியவில்லை என்றால் எல்5. நுனிக்காலில் எம்ப முடியவில்லை, குதிகால் நரம்பில் சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளவில்லை என்றால் எஸ்1. வலி எவ்வளவு என்பதை விட, பலம் குறைகிறதா என்பது முக்கியம். செருப்பு காலிலிருந்து கழன்று விழுகிறது, நடக்கும்போது பாதம் தரையில் தட்டுகிறது என்றால் அன்றே சொல்ல வேண்டும்.

இரண்டு பாதங்களும் சாக்ஸ் போடும் அளவுக்கு ஒரே சீராக எரிந்தால் சர்க்கரை நோயையும் பி12 குறைபாட்டையும் முதலில் பார்க்க வேண்டும். டிஸ்க் அப்படி அளந்து இரண்டு பக்கமும் சமமாக வலிக்க வைப்பது அபூர்வம்.

எப்போது உடனடியாக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

சிறுநீர் கழிக்க முடியாமல் தேங்கினால், அல்லது தெரியாமலே போனால். மலம் கட்டுப்பாடில்லாமல் போனால். சைக்கிள் சீட்டில் படும் பகுதி, அதாவது பிறப்புறுப்பும் ஆசனவாயும் சுற்றியுள்ள இடம், மரத்துப்போனால். இரண்டு கால்களும் பலமிழந்தால். தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பெலும்பு மட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரை வால் என்று பெயர் பெற்ற நரம்புக் கொத்து தொங்குகிறது. அது மொத்தமாக நசுங்கும்போது வருபவை இவை. மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம். வெள்ளிக்கிழமை இரவு வந்தால் திங்கட்கிழமை ஓ.பி.க்காகக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

காய்ச்சல், எடை குறைதல், இரவில் எழுப்பும் முதுகுவலி, முன்பு புற்றுநோய் இருந்தது என்றால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிறது. சாதாரணக் குறுக்குவலி என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்து, பிறகு கண்டுபிடிக்கப்படுகிறது.

தானாகச் சரியாகுமா?

பெரும்பாலானவர்களுக்கு ஆகும். முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் நல்ல முன்னேற்றம் தெரியும். பிதுங்கியதை உடம்பின் விழுங்கு செல்களே அரித்துக் கரைக்கின்றன. படத்தில் மிகப் பெரிதாக, உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த துண்டுகள்தான் சின்ன பல்ஜை விட அதிகமாகக் கரைகின்றன. நரம்பை எரிக்கும் அதே அழற்சிதான் இந்தத் துப்புரவையும் செய்கிறது.

முழு ஓய்வு எடுக்கட்டுமா?

வேண்டாம். 1999-இல் நெதர்லாந்தில் சயாட்டிகாக்காரர்களில் ஒரு பாதியினரை இரண்டு வாரம் படுக்க வைத்தார்கள், மறு பாதியினரை நடமாட விட்டார்கள். 12 வாரம் கழித்து இரு பக்கமும் 87 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். படுத்ததால் கூடுதல் லாபம் எதுவும் கிடைக்கவில்லை. வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் படுங்கள். அப்புறம் வீட்டுக்குள்ளாவது நடங்கள்.

நரம்பு மாத்திரை என்று ஒன்று தருகிறார்களே, அது வேலை செய்யுமா?

அது பெரும்பாலும் பிரிகாபலினாகவோ காபாபென்டினாகவோ இருக்கும், கூடவே மெத்தில்கோபாலமின் சேர்ந்திருக்கும். சர்க்கரை நோயால் வரும் நரம்பு எரிச்சலுக்குப் பிரிகாபலின் உதவுகிறது. சயாட்டிகாவில் நிலைமை வேறு. ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் நடத்தி 2017-இல் வெளிவந்த ஆய்வில், பிரிகாபலின் வெற்று மாத்திரையை விடக் கால் வலியைக் குறைக்கவில்லை. தலைச்சுற்றல்தான் அதிகம் வந்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு சயாட்டிகாவுக்கு இந்த வகை மருந்துகளைத் தர வேண்டாம் என்றே வழிகாட்டுகிறது. மெத்தில்கோபாலமின் என்பது பி12. குறைபாடு இருந்தால் அவசியம். இல்லாவிட்டால் நசுங்கிய நரம்பை அது விடுவிக்கப் போவதில்லை.

இதைப் படித்துவிட்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். பல மாதம் சாப்பிட்ட பிரிகாபலினைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நாட்பட்ட நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின் போன்றவற்றைக் குறைந்த அளவில் தருவதுண்டு. கடைக்காரர் “இது மனநோய் மாத்திரை ஆச்சே” என்று பயமுறுத்துவார். வலியை அடக்கும் நரம்பு வழிகளைத் தூக்கிவிடுவதற்காகத் தருகிறார்கள், உங்களுக்கு மனநோய் என்று முடிவு கட்டி அல்ல.

முதுகில் ஊசி?

நரம்பு வேரைச் சுற்றி ஸ்டீராய்டு போடுவது அழற்சியைக் குறைத்துச் சில வாரங்களுக்கு நிம்மதி தரலாம். அந்த இடைவெளியில் நடையும் பயிற்சியும் தொடங்கினால் பயன். ஊசி மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் பழையபடிதான்.

ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? எப்போது?

குதிரை வால் நசுங்கினால் உடனே. பாதம் தொய்ந்து பலம் குறைந்துகொண்டே போனால் சீக்கிரமே. இவை இரண்டும் இல்லாமல், வலி மட்டும் என்றால் யோசிக்க நேரம் இருக்கிறது.

2007-இல் வெளியான டச்சு ஆய்வில், ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடுமையான சயாட்டிகா இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். உடனே ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் இறங்கியது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் தாங்காமல் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே நாட்பட்டுவிட்டவர்களுக்கு? கனடாவில் நான்கு முதல் பன்னிரண்டு மாதமாக வலியோடு இருந்த 128 பேரிடம் நடந்த ஆய்வு 2020-இல் வந்தது. அங்கே ஆபரேஷன் செய்தவர்களின் வலி ஆறு மாதத்தில் மற்றவர்களை விட நன்றாகவே குறைந்திருந்தது. என் பார்வையில் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: மூன்று நான்கு மாதம் பொறுக்கலாம்; காலில் வலி குறையாமல், ஸ்கேனும் அதே வேரைக் காட்டினால் வருடக்கணக்கில் தள்ளிக்கொண்டே போவதில் லாபமில்லை. ஆபரேஷன் கால் வலிக்குத்தான் நன்றாக உதவும். வெறும் இடுப்பு வலிக்காகச் செய்துகொண்டவர்கள் பலர் ஏமாந்திருக்கிறார்கள். மரத்துப்போன இடம் திரும்புவதும் மெதுவாகத்தான். நரம்பு வளர்வது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்.

அம்மாவுக்கு எழுபது வயது. கொஞ்ச தூரம் நடந்தாலே இரண்டு கால்களும் கனத்துப் போகின்றன. உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. இதுவும் அதுதானா?

கிட்டத்தட்ட. தண்டுவடக் குழாயே குறுகிவிட்டிருக்கலாம். நிமிர்ந்து நின்றால் குழாய் இன்னும் குறுகும், குனிந்தால் கொஞ்சம் விரியும். கடையில் தள்ளுவண்டியில் சாய்ந்துகொண்டு எவ்வளவு நேரமும் நடப்பார், சைக்கிள் மிதிப்பார், ஆனால் கோயில் வரிசையில் நிமிர்ந்து நிற்க முடியாது. காலுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்தாலும் நடந்தால் கால் வலிக்கும். அது சும்மா நின்றாலே தணியும். இது உட்கார்ந்தோ குனிந்தோதான் தணியும். அவருக்குப் பாதத்தில் நாடித் துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கழுத்தில் நசுங்கினால்?

வலி கைக்கு இறங்கும். கட்டைவிரல் மரத்தால் கழுத்து நரம்பு வேர்களில் சி6, நடுவிரல் என்றால் சி7, சுண்டுவிரல் என்றால் சி8. கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் சுகமாக இருக்கிறது என்பார்கள். ஆனால் கழுத்தில் தண்டுவடமே நசுங்க வாய்ப்புண்டு, அதில் வலியே இல்லாமலும் இருக்கலாம். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கையெழுத்து மாறிவிட்டது, நடை தள்ளாடுகிறது என்றால் நரம்பியல் மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆபரேஷன் தேவையில்லை என்கிறார்கள், வலியும் போகவில்லை. என்ன செய்வது?

வலியைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் வாழ்க்கையைத் தொடங்குவேன் என்று காத்திருக்காதீர்கள். கூர்மையாகிவிட்ட நரம்பு மண்டலத்தைத் தணிப்பது மெதுவான வேலை. பத்து நிமிடம் நடந்தால் வலி ஏறுகிறது என்றால் ஏழு நிமிடத்தில் நில்லுங்கள், ஆனால் தினமும் நடங்கள், வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். நல்ல நாளில் வீடு முழுக்கக் கூட்டித் துடைத்துவிட்டு மறுநாள் படுத்துவிடும் பழக்கம்தான் பலரை அதே இடத்தில் வைத்திருக்கிறது. தூக்கத்துக்குத் தனியாக வைத்தியம் பாருங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். புகைப்பழக்கம் டிஸ்க்கையும் கெடுக்கும், வலியையும் கூட்டும். அறிகுறி மாறாமல் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுப்பது வீண் செலவு. பிசியோதெரபிஸ்ட், வலி மருத்துவர், உளவியலாளர் சேர்ந்து பார்க்கும் வலி கிளினிக் எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே போகலாம்.

தரையில் உட்காரலாமா? பைக் ஓட்டலாமா? குடம் தூக்கலாமா?

நிரந்தரத் தடை எதற்கும் இல்லை. கால் வலி கடுமையாக இருக்கும் வாரங்களில் தரையில் உட்கார்வதையும் இந்திய முறைக் கழிப்பறையையும் தவிர்ப்பது நல்லது. முதுகு வளைந்து டிஸ்க்கில் அழுத்தம் கூடும், எழுவதும் கஷ்டம். பைக்கில் குழிகள் விழுந்த சாலையில் ஒரு மணி நேரம் போவதை விடப் பஸ்ஸில் நின்றுகொண்டு போவது பலருக்குச் சுகமாக இருக்கிறது. குடத்தை இடுப்பில் ஒரு பக்கமாக வைத்துத் திரும்புவதற்குப் பதில் இரண்டு சின்ன வாளிகளில் பாதிப் பாதியாகக் கொண்டுபோங்கள். வலி காலிலிருந்து பின்வாங்கி இடுப்பில் மட்டும் நிற்கத் தொடங்கினால், அது தேறுகிறது என்பதற்கான அடையாளம். அப்போதிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்து பாருங்கள், முதலில் தரையில் ஐந்து நிமிடம் உட்கார்வதிலிருந்து.